பேரிங்குக்குள் ஒரு துண்டு ஆட்டுத்தோல்

என் மகன் மூன்று மாதமாகத் தன் இருமலை மறைத்து வைத்திருந்தான். விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளை. வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டிருப்பான். இருமல் வந்தால் கொல்லைப்பக்கம் போய்விடுவான். போன மாதம் வேலூரில் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய டாக்டர், மருந்திலேயே குணமாகிவிடும், பயப்பட ஒன்றும் இல்லை என்றார். குணமாகியும் வருகிறான். எனக்குத்தான் இன்னும் ராத்தூக்கம் சரியாக இல்லை. ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீ பயப்படுவேன்னுதாம்மா" என்றான்.

அவனைத் திட்ட வாயெடுத்தபோது எனக்கு என் அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது. ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பின் எஞ்சின் கொட்டகையும், அந்த ஒரு கோடையும் ஞாபகம் வந்தன. என் வயதுக்காரர்களான உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு எஞ்சின் என்றால் சுவிட்சைத் தட்டுவது. நமக்குத்தான் தெரியும், அது வீட்டில் இன்னொரு ஆள் மாதிரி.

அப்போது எனக்குப் பத்து வயது. ஷாப் பாலாற்றுக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் இருந்தது. ஆற்றில் மணல்தான் ஓடும். தண்ணீர் மணலுக்கு அடியில். ஆற்றோரக் கிணற்றிலிருந்து தண்ணீரை ஏற்றிச் சுண்ணாம்புத் தொட்டிகளுக்கு அனுப்புவதும், தோல் பதனிட வேண்டிய ஆவாரம்பட்டையை அரைப்பதும் ஒரே எஞ்சின். குடியாத்தத்து அரிசி மில் ஒன்றில் பல வருடம் உழைத்துவிட்டுக் கைமாறி வந்தது. இன்று டீசல் என்கிறோம். அன்று அதற்குக் குருடாயில் எஞ்சின் என்று பெயர். படுத்தவாக்கில் ஒரே சிலிண்டர், இரண்டு பக்கமும் அப்பாவின் தோளுயரத்துக்குச் சக்கரங்கள், தலையில் ஓர் இரும்புக் குமிழ். காலையில் அந்தக் குமிழை ஊதுவிளக்கால் சிவக்கக் காய்ச்சிய பிறகுதான் சக்கரத்தைத் தள்ளிக் கிளப்ப முடியும். மேலே ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் எண்ணெய் இருக்கும். அதிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நான் வாய்ப்பாடு படித்திருக்கிறேன். அந்தக் கிண்ணம் பிற்பாடு எங்கே போயிற்றோ. தேன் நிறத்தில் அவ்வளவு அழகான கண்ணாடியை நான் அப்புறம் பார்க்கவில்லை.

அப்பா அந்த ஷாப்பில் தோல் சீவுகிற ஆளாகச் சேர்ந்தவர். சாய்த்து வைத்த கட்டைமேல் ஈரத்தோலைப் போட்டு, இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தியால் சதையைச் சீவ வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் தோல் கிழிந்துவிடும். எஞ்சின் வந்தபோது கூடவே வந்த ஓட்டுநர் ஆறு மாதத்தில் சொல்லாமல் போய்விட்டார். "இதை யார் கவனிச்சுப் பார்த்திருக்கீங்க?" என்று முதலாளி கேட்டபோது அப்பா கையைத் தூக்கினாராம். அன்றிலிருந்து அவர் டிரைவர். கொட்டகையை ஒட்டிய ஓட்டு அறை எங்களுக்குக் கிடைத்தது. நான் மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போனது அந்த அறைக்கு வந்த பிறகுதான்.

பொங்கல் கழிந்து சில நாட்களில் எஞ்சினில் ஒரு தட்டல் கேட்க ஆரம்பித்தது. புஸ், புஸ் என்று போகிற மூச்சுக்கு நடுவில் 'டொக்'.

மேஸ்திரிக்கு அப்பாமேல் ஏற்கெனவே ஒரு கண். தோல் சீவியவன் நாற்காலியில் உட்காருகிறானே என்று. கொட்டகை வாசலில் நின்றுகொண்டு சத்தமாகக் கேட்பார்: "இன்னா டிரைவரே, உள்ள உம் பொண்டாட்டி மொளகா இடிக்கிறாளா?"

ஆட்கள் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். ஆனால் சாப்பிடும்போது கையில் சோற்றை வைத்துக்கொண்டு சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் மத்தியானம் எஞ்சினை நிறுத்திப் பெரிய பேரிங்கைத் திறந்தார். பிஸ்டனிலிருந்து ஒரு நீண்ட இரும்புக் கை வந்து சக்கரத் தண்டைப் பிடித்துச் சுற்றும். அதன் பிடி இரண்டு பாதிப் பித்தளை. நடுவில் அது பிடித்திருக்கிற உருண்டை இரும்புக்குப் பின் என்று பெயர். பித்தளையும் பின்னும் தேய்ந்து இடையில் இடம் விழுந்துவிட்டது, அதுதான் தட்டுகிறது. அப்பா அம்மாவின் கத்தரிக்கோலை எடுத்து, வெட்டி எறிந்த ஆட்டுத்தோல் துண்டு ஒன்றைப் பட்டையாக நறுக்கினார். விளக்கெண்ணெயில் ஊறவைத்து, பித்தளைக்கும் பின்னுக்கும் நடுவில் வைத்து இறுக்கிவிட்டார். அடுப்பு ஊதுகுழலில் துளை விழுந்தாலும் தோலைச் சுற்றுகிற ஊர் அது. அவருக்கு அது தப்பாகவே தோன்றியிருக்காது.

எஞ்சின் பூனை மாதிரி ஓடியது.

முதலாளி வந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "சபாஷ்! பட்டணத்து ஆளைக் கூப்பிட இருந்தேன், பேஜார் மிச்சம்" என்றார். அப்பாவுக்கு ஒரு புது வேட்டி வந்தது. நான் பள்ளிக்கூடத்தில், எங்கப்பா எஞ்சினுக்கே வைத்தியம் பார்ப்பார் என்று சொல்லித் திரிந்தேன்.

தோல் மூன்று வாரம் தாங்கியது. கருகிப் பொடியானதும் தட்டல் திரும்பியது. அப்பா மறுபடி வைத்தார். அடுத்த முறை இன்னும் தடித்த துண்டு. "அம்மாகிட்ட சொல்லாத பாப்பா" என்று ஒரு முறை சொன்னார். அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும். கத்தரிக்கோலில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததே. நாங்கள் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் தெரியாதது போல இருந்தோம். அப்பாவின் விரல்களில் கருகிய தோல் வாடை. சோற்றைப் பிசைந்து எனக்கு உருண்டை கொடுக்கும்போது அது வரும். இப்போது நினைத்தால், அந்த மாதங்களில் அவர் பேசியதே கம்மி.

இதற்கிடையில் எஞ்சின் நீலமாகப் புகைவிட ஆரம்பித்தது. கிளப்புவதற்கு மூன்று பேர் சக்கரத்தைத் தள்ள வேண்டியிருந்தது. எண்ணெய் டின் சீக்கிரம் காலியாயிற்று. டிரைவர் எண்ணெயை வெளியே விற்கிறான் என்று மேஸ்திரி முதலாளி காதில் போட்டுவிட்டார். முதலாளி அதைக் கேட்டுக்கொண்டாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததுதான் அப்பாவை அரித்தது.

பக்ரீத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது எஞ்சின் நின்றது. கருகிய தோல் துணுக்கு எண்ணெய்த் துளையை அடைத்து, பேரிங் காய்ந்து, கொட்டகை முழுவதும் புகை. அப்பா குருடாயிலை மூடி நிறுத்தினார். நல்ல வேளை, தண்டு முறியவில்லை.

பக்ரீத் என்றால் எங்கள் ஊரில் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வருஷம் பூராவும் வருகிற தோல் ஒரு பக்கம், அந்த நாலைந்து நாளில் உப்புத் தடவி வண்டி வண்டியாக வருகிற தோல் ஒரு பக்கம். தண்ணீர் இல்லாவிட்டால் அத்தனையும் அழுகிவிடும்.

முதலாளி ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு பிட்டரை வரவழைத்தார். ரயில் ஷெட்டில் கொதிகலன்களுக்கு நடுவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான மனிதர், மீசை மட்டும் கனம். காது பாதி போய்விட்டதால் எல்லாவற்றையும் கத்தித்தான் பேசுவார். அவரிடம் ரகசியம் என்று எதுவும் பேச முடியாது. ஆற்றில் துணி துவைக்கிறவர்களுக்கும் கேட்டுவிடும்.

வந்ததும் ஒரு கோணிச் சாக்கைத் தரையில் விரித்தார். "இதுல நான் கழட்டுற வரிசையிலேயே சாமான் இருக்கும். எவனும் தொடக் கூடாது. ஒரு வாஷரை மாத்தி வெச்சாலும் எனக்குத் தெரியும்!" என்றார். சிலிண்டர் தலையைக் கழற்றினார். நட்டு, வாஷர், செம்புத் தகடு, தலை. எல்லாம் இடமிருந்து வலமாக, பந்தியில் இலை போட்டதுபோல.

பிஸ்டனைப் பின்னால் தள்ளிவிட்டு, மண்ணெண்ணெய்த் துணியால் சிலிண்டரின் உள்ளே துடைத்தார். பிறகு சுட்டு விரல் நகத்தை உள்ளே விட்டு மெதுவாக இழுத்தார். ஓர் இடத்தில் நகம் தடுக்கியது. பக்கத்தில் நின்ற முதலாளியிடம் கத்தினார்:

"வரப்பு இருக்குது பாருங்க பாய்! இந்த ஓரத்தை பிஸ்டன்மேல இருக்கிற வளையம் தொடவே தொடாது. எஞ்சின் பொறந்தன்னைக்கு இருந்த அளவு இதுதான். இதுக்கு உள்ள எவ்ளோ பள்ளமோ, அவ்ளோ தின்னிருக்குது."

கவட்டைபோல விரிகிற காலிபரை உள்ளே விட்டு, தலைப்பக்கம், நடு, வால்பக்கம் என்று அளந்தார். ஒவ்வோர் இடத்திலும் மேலும் கீழுமாக ஒரு முறை, குறுக்கில் ஒரு முறை. காலிபரின் வாயை மைக்ரோமீட்டரில் வைத்துப் படித்துச் சுவரில் சாக்கட்டியால் எழுதினார். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்த கணக்கு. அவர் அதைத் தௌ என்பார். வரப்பை ஒட்டி முப்பது தௌ. வால்பக்கம் ஐந்துதான். மேலும் கீழும் அளந்ததற்கும் குறுக்கே அளந்ததற்கும் பத்துக்குமேல் வித்தியாசம்; வட்டம் முட்டையாகியிருந்தது.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. தொழுகை முடிஞ்சி வாங்க பாய், பெரிய பேரிங்கைத் தொறக்கலாம். அப்பதான் முழுசா சொல்லுவேன்" என்று கத்திவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அம்மா அடுப்படியில் இருந்தபடியே சொன்னாள்: "அந்தாளு தொறந்தா தோலு தெரியும்ல? முன்னாடியே எடுத்துக் கடாசிடு."

நாங்கள் தெரியாதது போல இருந்தது அந்த நிமிஷத்தோடு முடிந்தது.

"எடுத்துட்டா, எண்ணெய் ஊத்தாமத்தான் பின்னு தேஞ்சிதும்பாரு. நான் வித்துட்டேன்னு மேஸ்திரி சொன்னது நெஜமாயிடும்."

"வெச்சிருந்தா?"

"புத்தி கெட்டவன்னு ஆயிடும்."

அம்மா ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "ரெண்டுல எதுக்குய்யா ரூமைக் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க?"

"ரெண்டுக்கும்தான் சொல்லுவாங்க."

வெள்ளிக்கிழமை மத்தியானம் முதலாளியும் பாதி ஆட்களும் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள். பிட்டர் ஸ்டேஷன் பக்கம் சாப்பிடப் போயிருந்தார். ஷாப்பில் அப்படி ஓர் அமைதி வாரத்துக்கு ஒரு முறைதான் வரும். நான் அப்பாவுக்குக் கூழ் கொண்டுபோனேன். அவர் பெரிய பேரிங்கின் நட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

பித்தளையின் பாதி கையோடு வந்தது. உள்ளே கறுப்பாக, வறுத்த அப்பளம் மாதிரி சுருண்டு, அந்தத் தோல். அப்பா அதை நகத்தால் நெம்பிக் கிழியாமல் எடுத்தார். கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். எதிரிலேயே சீவிப்போட்ட சதைக் குவியல், நாய்கள் இழுத்துக்கொண்டிருந்தன. அதில் எறிந்திருந்தால் அரை நிமிஷத்தில் காணாமல் போயிருக்கும். நான் கூழ்ச் சட்டியோடு நின்றேன். எறிந்துவிட்டு வந்து சாப்பிடுவார் என்றுதான் நினைத்தேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, எறிய வேண்டும் என்று மனதுக்குள் ஜெபமும் செய்தேன்.

அவர் திரும்பி உள்ளே வந்தார். கோணிச் சாக்கின் வரிசைக் கடைசியில் இரண்டு நட்டையும் வைத்தார். பக்கத்தில் பித்தளைப் பாதி. அதற்கும் பக்கத்தில், அது இருந்த முறைப்படியே, தோல். பிறகு உட்கார்ந்து கூழைக் குடித்தார்.

பிட்டர் வெற்றிலையோடு வந்தார். வரிசையைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தினார்.

"இத யாரு வெச்சது?"

"நான்தாங்க."

"சாக்குலயா, பேரிங்குலயா?"

"ரெண்டுலயும் நான்தாங்க. நாலு மாசமா."

பிட்டர் குந்தி உட்கார்ந்து அந்தத் தோலைத் தூக்கினார். திட்டப்போகிறார் என்று பார்த்தால், மைக்ரோமீட்டரை எடுத்து அதை அளக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு விரற்கடைக்கு ஓர் அளவு. ஒரு பக்கம் காகிதமாக நசுங்கியிருந்தது. எதிர்ப்பக்கம் தடிப்பாகவே இருந்தது. பிறகு பின்னை அளந்தார். சாக்கட்டியால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். எழுதி முடித்ததும் அவர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது, அவ்வளவு சத்தம்.

"யோவ் டிரைவரே! பின்னு எந்தப் பக்கம் எவ்ளோ தேஞ்சிருக்குதோ அதுக்கு அச்சு எடுத்தாப்ல வெச்சிருக்கியே!"

முதலாளி தொழுகைத் தொப்பியோடு உள்ளே வந்தார். பின்னாலேயே மேஸ்திரி. பிட்டர் பேசப் பேச, சுண்ணாம்புத் தொட்டியில் இருந்தவர்கள்வரை எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"கேளுங்க பாய்! எண்ணெயை எவனும் திருடல. சிலிண்டர் தேஞ்சி எஞ்சினே குடிச்சிருக்குது. அதான் நீலப் புகை. சிலிண்டரை எது தின்னுச்சி தெரியுமா?" காற்று உறிஞ்சும் குழாய்க்குள் விரலை விட்டு எடுத்துக் காட்டினார். மஞ்சளும் பழுப்புமாக மாவு. "ஆவாரம்பட்டைத் தூளு. பட்டை அரைக்கிறதை எஞ்சின் மூக்குக்கு நேரா எவன் கொண்டாந்து வெச்சது?"

போன வருஷம் தோல்பெல்ட்டின் நீளம் மிச்சமாகட்டும் என்று பட்டை அரைக்கும் இயந்திரத்தைக் கொட்டகைக்குள் நகர்த்தச் சொன்னது முதலாளிதான்.

"சரி" என்றார் முதலாளி. "பின்னு?"

"பின்னைத் தின்னது இது." பிட்டர் தோலை நீட்டினார்.

முதலாளி முகம் சிவந்துவிட்டது. "தோலா? என் எஞ்சின்ல தோலா?" என்று வாங்கினார். வாங்கியவர், பழக்க தோஷம், கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். "இது கப்பலுக்குப் போற சரக்காச்சே. முதல் தரம்!"

"ஓரம் வெட்டிப் போட்டதுங்க முதலாளி. முழுத் தோலைத் தொடலைங்க" என்றார் அப்பா. அவர் குரல் உடைந்தது அப்போதுதான்.

யாரோ சிரித்துவிட்டார்கள். முதலாளி சிரிக்கவில்லை, ஆனால் தோலைத் தூக்கி எறியவும் இல்லை.

என்ன செய்யலாம் என்று பேச்சு வந்தது. பிட்டர் மூன்று விரலை நீட்டினார். ஒன்று, புது வளையம் மட்டும் போடுவது. ஒரு வாரத்தில் ஓடும். ஆனால் முட்டை வட்டத்தில் உருண்டை வளையம் ஒட்டாது. மழைக்கு முன்பே பழையபடி புகையும். இரண்டு, சிலிண்டரை நன்றாகக் குடைந்து உள்ளே புது இரும்புக் குழாய் இறக்குவது. பழைய பிஸ்டனே போதும். ஆனால் சூடு தணிக்கச் சிலிண்டரைச் சுற்றி ஓடவிட்ட பாலாற்றுத் தண்ணீரின் உப்பு அதன் வெளிச்சுவரை அரித்திருக்கிறது. பக்கத்து மூடியைக் கழற்றிக் கம்பியை வளைத்து விட்டுப் பார்த்து, ஒரு பக்கம் சுவர் மெல்லிசு என்று அவர் கண்டுபிடித்திருந்தார். அவ்வளவு ஆழம் குடைந்தால் வெடிக்கும். மூன்றாவது, தேய்ந்த அளவுக்குக் கொஞ்சம் மேலே, நாற்பது தௌ மட்டும் குடைந்து வட்டத்தை நேராக்கி, அதற்கு ஏற்ற பெரிய பிஸ்டனைப் பட்டணத்தில் வார்த்துக் கடைந்து வாங்குவது.

"வளையமே போடு. பக்ரீத் கழியட்டும், அப்பறம் பார்க்கலாம்" என்றார் முதலாளி.

அப்பா வாயைத் திறந்தார். "முதலாளி, நானும் அப்படித்தான் அப்பறம் பார்க்கலாம்னு தோலை வெச்சேன்."

"உன்னை யார்ரா கேட்டது?" என்றார் மேஸ்திரி.

முதலாளி கையிலிருந்த தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "மூணாவதைச் செய்" என்றார் பிட்டரிடம். அப்பாவைப் பார்க்காமலே அடுத்ததைச் சொன்னார்: "பக்ரீத் முடிஞ்சி மூணாம் நாள் வண்டிங்க வரும். அன்னைக்குத் தொட்டில தண்ணி விழணும். விழலைன்னா எஞ்சின் பழைய இரும்புக்குப் போவும். நீ மறுபடி தோல் சீவப் போ. ரூமைக் காலி பண்ணிடு."

சிலிண்டரைக் கழற்றிப் பட்டணத்துக்கு அனுப்ப நாளில்லை. பிட்டர் எங்கிருந்தோ ஒரு குடைகிற தண்டைக் கடன் வாங்கி வந்தார். நீண்ட இரும்புத் தண்டு, நடுவில் ஒரு சிறு உளி. தேயாத இரண்டு ஓரங்களையும் வைத்துத் தண்டை நடுவில் நிறுத்தவே ஒரு நாள் ஆயிற்று. ஒரு முனையில் கைப்பிடி. ஆட்கள் சுற்றச் சுற்ற உளி மயிரிழையாகச் சீவிக்கொண்டு உள்ளே போகும். கடைசி வெட்டுக்கு முன் பிட்டர் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "நடுவுல நின்னா அந்த இடத்துல கோடு விழும். வேகம் மாறக் கூடாது. தும்மினாலும் சுத்திக்கினே தும்மணும்!"

காலையில் தொடங்கியது சாயங்காலம்வரை நிற்கவில்லை. ஒருவர் கை சோர்ந்தால், அடுத்தவர் பிடியைப் பிடித்து இரண்டு சுற்று கூடவே சுற்றிய பிறகுதான் முதல் ஆள் விடுவார். சுண்ணாம்புக் கையோடு வந்தவர்கள் கையைக் கழுவிக்கொண்டு சுற்றினார்கள். அம்மா சுற்றினாள். மத்தியானத் தொழுகைக்கு லுஹர் பாங்கு கேட்டதும் தொழப் போகிறவர்கள் போக, மற்றவர்கள் தொடர்ந்தார்கள். "வுடு, உனக்கு மாவாட்டத்தான் தெரியும்" என்று அம்மாவிடமிருந்து மேஸ்திரி பிடியை வாங்கி, மூச்சு வாங்க அரைமணி நேரம் சுற்றினார். சிலிண்டர் வாயிலிருந்து சாம்பல் நிறத்தில் இரும்புத்தூள் உதிர்ந்துகொண்டே இருந்தது.

முடிந்ததும் பிட்டர் ஓர் இரும்புக் கம்பியின் இரு முனையையும் அரத்தால் ராவினார். சிலிண்டருக்குள் குறுக்கே நிறுத்தினால் தொட்டும் தொடாமலும் ஆடுகிற அளவுக்கு. அந்தக் கம்பியைத்தான் துணியில் சுற்றிப் பட்டணத்துக்கு ரயிலில் அனுப்பினோம். அதை அளவாக வைத்துப் பிஸ்டன் கடைய வேண்டும். "ஒரு குச்சியை நம்பியா?" என்று அம்மா மலைத்துப்போனாள்.

பிஸ்டன் வருகிறவரை பின்னின் முறை. முட்டையாகத் தேய்ந்திருந்ததைப் பிட்டர் அரத்தால் ராவி, அளந்து, மறுபடி ராவி உருண்டையாக்கினார். பித்தளைப் பாதிகளில் ஈயம்போன்ற மெதுவான வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்றினார். அதைப் பின்னுக்குச் சரியாக ஒட்டும்படி சுரண்ட வேண்டும். பின்மேல் நீலச் சாயம் பூசி, பித்தளையை வைத்துச் சுற்றினால், மேடான இடத்தில் மட்டும் நீலம் ஒட்டும். ஒட்டிய இடத்தைச் சுரண்டி மறுபடி வைக்க வேண்டும். பிட்டருக்குக் கண் மங்கல். இரண்டு தடவை ஆழமாக இறங்கிவிட்டது. "சனியன்" என்று சுரண்டியைக் கீழே வைத்தார்.

அப்பா கேட்காமலேயே அதை எடுத்தார். நீலம் பட்ட இடத்தில் வைத்து மணிக்கட்டை மட்டும் அசைத்தார். வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சுருள் வந்தது. தோல் சீவிய கை. பிட்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இத எங்கய்யா கத்துக்கினே?"

"கட்டைமேலதாங்க. அழுத்தினா கிழிஞ்சிடும்ல."

பிட்டர் அதன் பிறகு சுரண்டியைத் தொடவில்லை. மூன்று நாள் அப்பாதான் சுரண்டினார். முதல் நாள் அங்கங்கே இரண்டு புள்ளியாக இருந்த நீலம், மூன்றாம் நாள் அம்மை போட்டது மாதிரி முழுவதும் பரவியிருந்தது. பட்டை அரைக்கும் இயந்திரத்தை வெளியே தள்ளி, நடுவில் ஒரு சுவரும் எழுப்பினார்கள்.

பிஸ்டன் பக்ரீத்துக்கு முதல் நாள்தான் வந்தது. குச்சி பொய் சொல்லவில்லை. எண்ணெய் தடவி உள்ளங்கையால் தள்ளியதும் பிஸ்டன் மெதுவாக உள்ளே போயிற்று. பண்டிகை முடிந்து மூன்றாம் நாள் காலை, மாதனூர்ப் பக்கமிருந்து வண்டிகள் வர ஆரம்பித்துவிட்டன. உப்பும் ரத்தமும் கலந்த வாடை. மாடுகள் தலையை ஆட்டிக்கொண்டு நின்றன. தொட்டிகள் காய்ந்து கிடந்தன. எங்கள் அறைக்குள் அம்மா பாத்திரங்களையெல்லாம் ஒரு பழைய புடவையில் மூட்டையாகக் கட்டி வைத்திருந்தாள்.

அப்பா குமிழைக் காய்ச்சினார். சக்கரத்தை அவர் ஒருவரே தள்ளினார். இரண்டாவது தள்ளலில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. புகை இல்லை. வாசலில் நின்றவர்கள் ஹோவென்று கத்தினார்கள். முதலாளி பிட்டரின் தோளைத் தட்டினார். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா?" என்றார் முதலாளி.

"தட்டுது முதலாளி."

"எனக்குக் கேக்கலயே."

"கொஞ்சமா தட்டுது."

"ஓடுதுல்ல, வுடுய்யா! வண்டிக்காரன் எத்தினி பேரு நிக்கிறான் பாரு" என்றார் மேஸ்திரி.

பிட்டருக்குக் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை. அங்கே அந்தச் சத்தம் கேட்டது அப்பா ஒருவருக்குத்தான். சும்மா இருந்திருந்தால் அன்றைக்குத் தண்ணீர் விழுந்திருக்கும், அறை எங்களுடையதாகவே இருந்திருக்கும். அப்பா கையை நீட்டிக் குருடாயிலை மூடினார். சக்கரங்கள் மெதுவாகி, இன்னும் ஒரு சுற்று, இன்னும் அரைச் சுற்று சுற்றி நின்றன.

அம்மா அறை வாசலுக்கு வந்துவிட்டாள். வண்டிக்காரர்களில் ஒருவர், "இன்னா பாய், தோலை இறக்கவா, திருப்பிக்கினு போவவா?" என்று சத்தம் போட்டார்.

முதலாளி கொட்டகைப் படியில் நின்று அவரைப் பார்த்துச் சொன்னார்: "இரு. டிரைவர் பார்த்துக்கினு இருக்காரு."

பிட்டர் ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். பெரிய பேரிங் அசையவில்லை. இடதுபக்கச் சக்கரத்தைத் தண்டோடு இறுக்குகிற ஆப்பு நூலிழை தளர்ந்திருந்தது. சுத்தியலால் நாலு அடி. அவ்வளவுதான். "சாயங்காலம்வரை இப்படியே ஓட்டியிருந்தா ஆப்பு தெறிச்சி, சக்கரம் சுவரை ஒடைச்சிக்கினு போயிருக்கும்!" என்று அவர் கத்தியது ரயில் பாதைவரை கேட்டிருக்கும்.

அப்பா மறுபடி தள்ளினார். மறுபடி கேட்டார். இந்த முறை தலையை நிமிர்த்திக்கொண்டு, பெல்ட்டைப் பம்புச் சக்கரத்தில் ஏற்றிவிட்டார்.

தண்ணீர் வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. வாய்க்காலில் விழுகிற குழாயில் முதலில் காற்றுதான் புஸ்ஸென்று வந்தது. பிறகு மணலோடு கலங்கல். பிறகு தெளிந்த தண்ணீர். முதல் தொட்டியில் அது விழுகிற சத்தம் கேட்டதும் வண்டிகளிலிருந்து தோலை இறக்க ஆரம்பித்தார்கள். நான் அறைக்கு ஓடினேன். அம்மா தரையில் உட்கார்ந்து, பல்லால் கடித்து மூட்டையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். சோற்றுப் பானையை முதலில் வெளியே எடுத்து என் கையில் கொடுத்து, "போய் வாய்க்கால்ல மொண்டுக்கினு வா" என்றாள்.